சோளப் பயிருக்கு ஒன்றரை முழம்

எனக்கு எழுத்து சரியாக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்தேன், அதோடு சரி. சந்தி எங்கே போடணும், புள்ளி எங்கே வைக்கணும் என்பதெல்லாம் எப்போதோ மறந்துவிட்டது. நடந்ததிலும் பாதி மறந்துவிட்டது. முன்னே நடந்ததைப் பின்னே எழுதினாலும் எழுதிவிடுவேன். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் இதை வாயால் எங்கே சொல்லப்போகிறேன்? அதனால் எழுதுகிறேன். பேர் ஒருத்தருக்கும் போடவில்லை.

போன மாதம் ஜொகூர் பாருவில் கண் மருத்துவரிடம் போய்விட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். மருமகள் அவித்த சோளம் ஒன்று வாங்கி, தோலை உரித்து என் கையில் கொடுத்தாள். அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரு பல் கூட விழாமல் மணி கட்டியிருந்தது. நான் அதை அவள் கையிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

"சூடா இருக்கா அத்தை?"

"இல்லம்மா. நீ சாப்பிடு."

ஐம்பது வருஷமாக நான் சோளம் சாப்பிடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஏன் என்று இங்கே எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் மலாயாவில் பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பதினெட்டு வயசு இருக்கும். ரப்பர் விலை அப்படியே படுத்துவிட்ட காலம். பால்மரம் சீவுவதைப் பாதிக் காட்டில் நிறுத்திவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தால் அது பெரிய விஷயம். ஒவ்வொரு லயமாக, அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டின கூலிவீட்டு வரிசையாகப் பார்த்து ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். லிஸ்டில் பேர் ஏறினால் லாரியில் பெக்கோக் ரயிலடி, அங்கிருந்து துறைமுகம், அங்கிருந்து கப்பல்.

ஒரு நாள் காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கு எடுக்கிற இடத்தில், கங்காணி எங்களையெல்லாம் நிற்கவைத்துச் சொன்னார்:

"ஆத்தோரம் சும்மா கெடக்குற மண்ணை துரை உங்களுக்கே பிரிச்சுத் தர்றாரு. வெளைய வெச்சுச் சாப்பிடறவன் இங்க இருக்கலாம். வெறுங்கையை ஆட்டிக்கிட்டு நிக்கிறவன் கப்பல் ஏறலாம். கதிர் புடிக்கிற சமயத்துல நானே வந்து உரிச்சுப் பார்ப்பேன்."

நான் அப்போது ஐந்து மாசம். முதல் பிள்ளை. கங்காணி கப்பல் என்று சொன்னதும் நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன். நான் ஆறு வயசில் அம்மாவோடு கப்பலில் வந்தவள். மேல்தட்டில் எங்கள் பக்கத்தில் படுத்திருந்த ஒரு அம்மாவுக்கு நடுக்கடலில் பிரசவம் ஆனது. மறுநாள் ஒரு சின்ன சாக்கு மூட்டையைக் கடலில் போட்டார்கள். "அது என்னாம்மா?" என்று கேட்டேன். என் அம்மா என் கண்ணைப் பொத்தினாள். பொத்துவதற்குள் பார்த்துவிட்டேன். அதை இதுவரைக்கும் மறக்கவில்லை. கப்பலில் மட்டும் பிள்ளை பெறக்கூடாது, இதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே வேண்டுதல்.

ஆக, அந்தத் துண்டு நிலத்தில் சோளம் விளையணும். விளைந்தால் என் பிள்ளை தரையில் பிறக்கும்.

வீட்டில் மூன்று பேர். என் வீட்டுக்காரர், மாமியார், நான். வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் லைன் போடுகிற வேலை. புதுக்காடு வெட்டி எரித்ததும் முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்துப் பிடித்து, முடிச்சுக்கு ஒரு குச்சி அடித்துக்கொண்டே போவார்கள். குச்சி அடித்த இடத்தில்தான் பால்மரக் கன்று வைப்பது. அவர் பிடித்த கயிற்றில் ஒரு விரல் கூட விலகாது என்று கங்காணியே சொல்வார்.

ஆனால் விதைத்தது அவர் இல்லை. மாமியார். அவர் ஊரில் வானம் பார்த்த பூமி. சோளமென்றால் மடியில் கட்டிக்கொண்டு கை நிறைய அள்ளி வீசுவதுதான் அவருக்குத் தெரிந்த விதைப்பு.

"அம்மா, இது நம்ம ஊரு சோளமில்ல. ஜாகோங், மக்காச்சோளம். மலாய்க்காரங்க தள்ளித் தள்ளித்தான் வெக்கிறாங்க."

"போடா. பேரை மாத்திட்டா சோளம் மாறிடுமா? ஒம்பொறப்புக்கு முன்னால இருந்து வெதைக்கிறவ நான்."

வீசினார். முளைத்தது. அடேயப்பா, அந்தப் பச்சையை நீங்கள் பார்த்திருக்கணும். பாய் விரித்த மாதிரி, கால் வைக்க இடம் இல்லாமல். லயமே வந்து வேடிக்கை பார்த்தது. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்துத் துண்டு ஒரு அக்காவுடையது. எங்கள் லயத்திலேயே, எங்களுக்கு அடுத்த வீடு. நாற்பது வயசு இருக்கும். புருஷன் காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளை இல்லை, தனியாகப் பால் வெட்டிக்கொண்டிருந்தார். வாய் கொஞ்சம் நீளம். அவர் வளர்த்த கோழி எங்கள் விதையைக் கிளறியது என்று ஆரம்பித்த சண்டையில் மாமியாரும் அவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. காற்றைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

அந்த அக்கா குதிகாலால் குழி போட்டு, குழிக்கு இரண்டு விதையாகப் போட்டிருந்தார். முளைத்த பிறகு பார்த்தால் வெறும் மண்தான் தெரிந்தது.

"மொட்டத் தலையில மூணு முடி மொளைச்ச மாதிரி இருக்கு சில பேரு காடு," என்றார் மாமியார், ஆற்றைப் பார்த்து.

"மூணு முடி இருந்தாலும் பூ வெக்கலாம்," என்றார் அக்கா, வானத்தைப் பார்த்து. "எனக்குத்தான் இல்லைன்னு ஆயிருச்சு. செடிக்காவது வெச்சுப் பார்க்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அந்த அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார்.

பயிர் முழங்கால் உயரம் வந்ததும் ஒரு மாதிரி வெளுக்க ஆரம்பித்தது. தண்டு தடிக்கவில்லை, ஈர்க்குச்சி மாதிரி மேலே மேலே போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஜாவாக்காரர் ஒரு நாள் வந்து எங்கள் காட்டைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையையும் ஒட்டவைத்துக் காட்டித் தலையை ஆட்டினார். பிறகு கைகளை அகலமாகப் பிரித்துக் காட்டி, கட்டை விரலை நிமிர்த்தினார். என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, பாதியப் பிடுங்கணும். இப்படி விட்டா ஒண்ணுகூட கதிர் வெக்காது."

மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"என்னாடா சொன்னே? உம் பொண்டாட்டி வாயும் வயிறுமா இருக்கா. உள்ள ஒண்ணு வளர்றப்ப வெளிய வளர்றத வேரோட பிடுங்குவியா? புள்ளத்தாச்சி புருஷன் தலமுடி கூட வெட்டமாட்டான். இந்த வீட்டு ஆளுங்க யாரும் அதுல கை வெக்கக்கூடாது. வெச்சீங்க, நான் தூக்குல தொங்குவேன்."

நானும் அதை நம்பினேன். பொய் சொல்லவில்லை, முழுசாக நம்பினேன். என் வீட்டுக்காரரும் அப்போது முடி வெட்டாமல், சவரம் செய்யாமல்தான் இருந்தார். "என்னா, சாமியார் சோளக்கொல்லைக்குத் தவம் பண்ணப் போறாரா?" என்று லயத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். பிடுங்குகிற பேச்சை அவர் விட்டுவிட்டார். பயிரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அன்றைக்கு வேலை இல்லை. லயமே காலியாகிக் கோயிலுக்குப் போனது. என் வீட்டுக்காரர் அடுப்புக்கு விறகு வெட்டிக் கொண்டுவருகிறேன் என்று போனார். அடுத்த வீட்டு அக்கா மட்டும் வரவில்லை. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் புரியாது. அவர் அன்றைக்கு வீட்டுக்குத் தூரம். அதனால் கோயில் பக்கம் வரமுடியாது.

கூழ் குடித்துவிட்டு, ஒரு செம்பில் கொஞ்சம் கூழ் எடுத்துக்கொண்டு, சாயந்திரம் நானும் மாமியாரும் காட்டுக்குப் போனோம். பயிருக்கு ஒரு கை தெளிக்கலாம் என்று மாமியார் சொன்னார்.

நான் முன்னால் நடந்தேன். அதனால் நான்தான் முதலில் பார்த்தேன்.

பயிர் இல்லை.

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. வேரோடு பிடுங்கின செடிகள் வரப்பு முழுக்கக் குவிந்து கிடந்தன. வேரில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. இலையெல்லாம் வெயிலில் சுருண்டு கிடந்தது. செம்பு என் கையிலிருந்து விழுந்தது. கூழ் கால் மேல் சிந்தியது கூடத் தெரியவில்லை. மனசுக்குள்ளே ஒரே ஒரு காட்சிதான். சாக்கு மூட்டை. கடல்.

பிடுங்கினது போக எத்தனையோ செடி நின்றுகொண்டிருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. போனதைப் பார்த்தேன். நின்றதைப் பார்க்கவில்லை.

மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "பாவி, வயித்துல இருக்கறதோட உசுரைப் பிடுங்கிப் போட்டுட்டாளே! கோயிலுக்கு வராம வீட்டுல உக்காந்தவ யாரு? சொல்லு, யாரு?"

நான் லயத்தைப் பார்த்து நடந்தேன். எப்படி நடந்தேன் என்று தெரியாது. லயத்துக்கு ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம். அந்த அக்கா வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "என்னா பொண்ணே, கோயில்ல கூழு நல்லா..." என்று ஆரம்பித்தார்.

நான் குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரினேன். அவர் வாசலில் தூற்றினேன். அவர் தலையில், கீரை முறத்தில், வீட்டுக்குள்ளே. "என் புள்ளைக்கு வெச்சதப் பிடுங்கினவ, நீ நின்ன எடத்துல வேரு புடிக்காமப் போகணும்!" என்று கத்தினேன். அது என் குரல்தான். அதுவரைக்கும் நான் அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை பேசினவள் இல்லை.

லயமே கல்லாக நின்றது. பிள்ளைத்தாய்ச்சி மண் வாரித் தூற்றினால் பலிக்கும் என்பார்கள். யாரோ ஒருத்தர் தன் குழந்தையை இழுத்து மறைத்துக்கொண்டார். அந்த அக்கா எழுந்திருக்கவில்லை. கண்ணில் விழுந்த மண்ணைத் துடைக்கவும் இல்லை. என்னைப் பார்த்தார். அப்புறம் எனக்குப் பின்னால் யாரையோ பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தோளில் விறகுக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். தாடிக்குள்ளே முகம் சாம்பல் மாதிரி இருந்தது. எனக்காகப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

விஷயம் கங்காணி காதுக்குப் போனது. அவர் கிராணியிடம், அதாவது ஆபீசில் கணக்கு எழுதுகிறவரிடம் சொன்னது எனக்கே கேட்டது: "அடுத்தவன் பயிரைப் பிடுங்குறவ தோட்டத்துல வேணாம். அடுத்த லாரியில போடுங்க." அந்த அக்காவின் காட்டில் பயிர் கருகருவென்று நின்றது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. என் மனசு குளிர்ந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் குளிர்ந்ததுதான்.

நின்ற பயிர் என்ன செய்தது தெரியுமா? பத்தே நாளில் முகம் மாறிவிட்டது. வெளுப்பு போய்க் கரும்பச்சை ஆனது. தண்டு என் மணிக்கட்டு தடிமனுக்கு வந்தது. இலை இரண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி விரிந்தது. அம்மன் கூழ் சிந்தின மகிமை என்றார் மாமியார். நானும் ஆமாம் என்றேன். கதிர் வைத்து, மயிர் விட்டு, மயிர் காய்ந்தது. எனக்கு எட்டாம் மாசம்.

கங்காணி பார்க்க வருவதற்கு முதல் நாள் காலையில் நான் தனியாகப் போய் ஒரு கதிரை ஒடித்து உரித்தேன். நுனி வரைக்கும் மணி. இன்னொன்று. அதுவும் அப்படியே. சந்தோஷத்தில் உள்ளே உள்ளே போனேன். ஆற்றுச் சரிவு ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் பழைய மாதிரியே, பிடுங்காமல், நாணல் புதர் மாதிரி நெருக்கமாக நின்றது. அங்கே உரித்துப் பார்த்தேன். என் கட்டை விரல் அளவு கதிர். அதில் ஏழெட்டு மணி, கிழவி வாய்ப் பல் மாதிரி. அடுத்ததில் அதுவும் இல்லை, வெறும் சக்கை. பாதிச் செடியில் கதிரே கிடையாது. ஒரே விதை, ஒரே மண், ஒரே மழை.

அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது. பிடுங்கினதால்தான் விளைந்திருக்கிறது.

இடுப்பு வலித்தது. நிமிர்ந்து நின்று, கையை இடுப்பில் கொடுத்துக்கொண்டு, காட்டைக் குறுக்காகப் பார்த்தேன். என் கண்ணுக்கு நேராக ஒரு சந்து ஓடியது. கோணலாக, காட்டின் அந்த மூலை வரைக்கும். தலையை இந்தப் பக்கம் திருப்பினேன். இன்னொரு சந்து. மறுபடி திருப்பினேன். அங்கேயும் ஒன்று. எந்தப் பக்கம் பார்த்தாலும் செடிகள் வரிசையில் நின்றன. ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையின் செடி.

என் பிடரியில் தண்ணீர் ஊற்றின மாதிரி ஆனது.

மாமியார் வீசி விதைத்த காட்டில் வரிசை ஏது?

பத்து வயசில் பள்ளிக்கூடத்தை விட்டதும் நான் செய்த முதல் வேலை, லைன் போடுகிறவர்களுக்குப் பின்னால் குச்சிக் கட்டுச் சுமந்தது. எனக்கு அந்த முக்கோண வரிசை தெரியும். பால்மரத்துக்கு அப்படித்தான் போடுவார்கள். இந்தக் காட்டில் இடைவெளி குறைந்திருந்தது, அவ்வளவுதான். என் கையால் அளந்தேன். ஒன்றரை முழம். அடுத்தது ஒன்றரை முழம். மூன்றாவதும் ஒன்றரை முழம். ஒரு விரல் கூட விலகவில்லை.

செடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வேலை முடிந்து நேராகக் காட்டுக்கு வந்தார். நான் எழுந்திருக்கவில்லை. "நீங்களா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "சத்தம் போடாத."

"நீங்களா?"

"வேற என்னா பண்ணச் சொல்றே? விட்டிருந்தா அந்த ஓரத்துல நிக்கிற மாதிரி காடு முழுக்க நின்னிருக்கும். நாளைக்குக் கங்காணி உரிச்சுப் பார்த்துட்டு நேரா கப்பலுக்கு அனுப்பிச்சிருப்பாரு. ஓரத்துக்குப் போறதுக்குள்ள நீங்க வர்ற சத்தம் கேட்டுச்சு. ஓடிட்டேன்."

"நான் அந்த அக்கா மேல மண்ணை வாரித் தூத்தறப்ப பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க?"

"நீ அப்படிச் செய்வேன்னு எனக்கு என்னா தெரியும்? வாயத் தொறந்து தண்ணி கேக்காதவ நீ! ஒரு நாலு நாள் அம்மா கத்தும், அப்புறம் அடங்கிரும்னு நெனைச்சேன்."

"இப்பப் போய்ச் சொல்லுங்க. கங்காணிகிட்ட சொல்லுங்க. நாளன்னைக்கு லாரி."

அவர் ஒரு கதிரை ஒடித்தார், உரித்தார், மறுபடி மூடினார். "சொன்னா லிஸ்டுல அந்த எடத்துக்கு யாரு பேரு போகும்? உண்மைய மறைச்சவன் பேருதான் போகும். கப்பல்ல பெத்துக்கிறியா? சொல்லு, நீ பெத்துக்கிறேன்னா போய்ச் சொல்றேன்."

நான் சொல்லவில்லை.

அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். நான் அன்றைக்குத் தூற்றின மண் அப்படியே கிடந்தது. வாரக்கணக்காக அவர் அதைப் பெருக்கவே இல்லை. அதன்மேல்தான் போய் வந்துகொண்டிருந்தார். கால் பட்டுப் பட்டு ஒரு தடமே விழுந்திருந்தது.

உள்ளே தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றேன். "நீங்க பிடுங்கலக்கா."

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" நிமிராமலே கேட்டார். "எனக்கு அன்னிக்கே தெரியும். பின்வாசல்ல உக்காந்தா ஆத்தோரம் வரைக்கும் தெரியும், எல்லாத்தையும் பார்த்தேன். ஒம் புருஷன் கயிறு கட்டி, முடிச்சுக்கு ஒண்ணா விட்டுட்டு மத்ததப் பிடுங்கிக்கிட்டு இருந்தான். எனக்குச் சிரிப்புத் தாங்கல. பயிரை அழிக்கிறவன் எவண்டி அளந்து பார்த்து அழிப்பான்?"

"தெரிஞ்சும் ஏங்க்கா சொல்லல?"

"ஒம் புருஷனே சொல்லுவான்னு பார்த்தேன். விறகைத் தூக்கிக்கிட்டு மரம் மாதிரி நின்னான். நீ மண்ணை வாரின பெறகு நான் சொன்னா யாரு நம்புவா? தப்பிக்கப் பழி போடறான்னு சொல்லுவாங்க." பெட்டியை மூடினார். "அதுவும் ஒம் மாமியா போட்ட சட்டத்தை மீறினது ஒம் புருஷன்னு வெளிய வந்து, நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஒன்னையத்தான் தின்னுப்போடுவா. சரி போ, நிக்காத. கால் வீங்கியிருக்கு பாரு."

மறுநாள் கங்காணி வந்தார், உரித்தார், "அடேங்கப்பா" என்றார். "ஆபீசுக்கு நாலு கதிர் கொண்டாந்து காட்டச் சொல்லு. துரை பார்க்கட்டும்" என்றார். கதிரை நானே கொண்டுபோகிறேன் என்று சொன்னேன். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். "ஐயா, பிடுங்கினது அந்த அக்கா இல்லை. பிடுங்கினது என் வீட்டுக்காரர்." இரண்டே வரி. தென்னங்கீற்றைப் பார்த்துச் சொன்னேன், குழாயைப் பார்த்துச் சொன்னேன், சரியாக வந்தது.

கிராணி மேசைக்கு முன்னால் நின்றேன். மேசை மேலே லிஸ்ட் இருந்தது. எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியும். அந்த அக்கா பேர் மூன்றாவதாக இருந்தது.

"என்னாம்மா?"

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. உள்ளே பிள்ளை ஒரு உதை உதைத்தது.

"என்னா வேணும், சொல்லு."

"சோளம்," என்றேன். "சோளம் கொண்டாந்தேன்." நாலு கதிரை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மண்ணை வாரும்போது வந்த குரல் எங்கே போனது? ஒன்றும் செய்யாத ஒருத்தியைச் சபிக்க எனக்கு வாய் இருந்தது. அவரைக் காப்பாற்ற இல்லை.

லாரி விடிந்ததும் வந்து நின்றது. அதற்கு முன்னாலேயே நான் அந்த அக்கா வாசலில் போய் உட்கார்ந்தேன். குனிய முடியாது, அதனால் மண்டி போட்டு, கிடந்த மண்ணைக் கையாலேயே கூட்டிக் கூட்டி முந்தானையில் வாரினேன். அவர் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்க முடியாமல் திணறினபோது கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

அவித்த சோளம் ஆறு, துணியில் கட்டிக் கொடுத்தேன். வாங்கிப் பிரித்துப் பார்த்தார். ஒன்றை நகத்தால் கீறி, "பால் நல்லா ஏறியிருக்கு," என்றார். லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். ஏதோ திட்டப்போகிறார் என்று பக்கத்தில் போனேன்.

"அடுத்த தடவை அந்த ஓரத்துலயும் பிடுங்கி விடச் சொல்லு. வீணாப் போகுது."

லாரி போய்விட்டது. முந்தானை மண்ணைக் கொண்டுபோய் ஆற்றில் போட்டேன்.

பிள்ளை தரையில்தான் பிறந்தது. பெண். நல்ல கனம். மாமியார் மடியில் வைத்துக்கொண்டு லயத்துக்கே சொன்னார்: "பயிரை நாங்க கையால தொடல. அதான் புள்ள கொழுகொழுன்னு பொறந்திருக்கு." என் வீட்டுக்காரர் வெளியே எழுந்து போய்விட்டார். அடுத்த போகத்திலிருந்து கங்காணி எல்லாருக்கும் கயிறு கொடுத்து, எங்கள் காட்டைக் காட்டி, "இப்படி வையுங்க" என்றார். எல்லாருடைய காட்டிலும் நன்றாக விளைந்தது. அந்த அளவு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த அக்கா குதிகாலால் போட்ட குழியும் ஏறக்குறைய அதே அளவுதான். நான் ஒரு நாள் போய் அளந்து பார்த்தேன்.

என் வீட்டுக்காரரோடு முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தினேன். நல்ல மனுஷன். ஆனால் சாப்பாடு போட்டுவிட்டு நிமிரும்போது சில நாள் விறகுக் கட்டோடு நிற்கிற மாதிரியே தெரிவார். அதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை.

என் ஞாபகத்தை நான் நம்பவில்லை. ஒன்றரை முழம் என்பது என் கை முழம், அப்போதைய கை. விவசாயம் தெரிந்தவர்கள் அந்த அளவு சரிதானா என்று பாருங்கள். ஆடி வெள்ளி முதலாவதா மூன்றாவதா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. லிஸ்டில் அந்த அக்கா பேர் மூன்றாவதாக இருந்தது, அது மட்டும் நிச்சயம். அந்தக் காலத்துக் கப்பல் காகிதம் எங்கேயாவது இருந்தால், கண் நன்றாகத் தெரிகிறவர்கள் யாராவது எடுத்துச் சரிபார்க்கணும். பெக்கோக் பக்கம் லாரி ஏறினவர்கள் எல்லாரும், அந்த மூன்றாவது பேரும், அந்தப் பக்கம் கரை இறங்கினார்களா என்று பார்த்து, தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.